மன்னாரோடு திரும்பிவிடுகிறோம்

கொட்டகலையிலிருந்து வடக்கே புறப்படும் வேன்களுக்கு ஒரு பாதை பழகிப்போயிருக்கிறது. இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறினால் கண்டி, மாத்தளை, தம்புள்ளை எல்லாம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது விடிந்திருக்கும். ஓகஸ்ட் என்றால் மடு மாதா, மாசி என்றால் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி, பாடசாலை விடுமுறை என்றால் நல்லூரும் நயினாதீவும். மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் பாலத்தைத் தாண்டிக் கோட்டையைப் பார்ப்பார்கள். பள்ளிமுனையில் பெருக்க மரத்தடியில் நின்று படம் பிடிப்பார்கள். கருவாடு வாங்குவார்கள். பிறகு வேன் திரும்பிவிடும். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். பாதை நேரானது, வாகனமும் குறைவு. ஆனாலும் போவதில்லை. யாராவது ஒருவர் ஆசைப்பட்டுச் சொன்னாலும் "அங்க என்னா இருக்கு?" என்ற கேள்வியோடு பேச்சு அடங்கிவிடும்.

அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நாம்தான். லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, ஆசிரியராகவும் கிளார்க்காகவும் கடைக்காரராகவும் சங்கப் பொறுப்பாளராகவும் ஆனவர்கள். நம் முன்னோர் இந்தத் தீவில் கால் வைத்த கரைகளில் அது முக்கியமானது என்று மேடையில் பேசத் தெரிந்தவர்கள். அரசாங்கம் நமக்குச் செய்யாததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம்; எழுதத்தான் வேண்டும். ஆனால் தலைமன்னார்க் கரைக்கும் அதன் வழியாக வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் நாம் செய்யாமல் விட்டவற்றை எந்த அரசாங்கத்தின் கணக்கிலும் எழுத முடியாது.

திருவிழாவும் விடுமுறையும் இல்லாத ஓர் ஐப்பசிக் கடைசியில் அங்கே போனேன். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. வானம் மூடிக்கிடந்தது. தோட்டவெளி, பேசாலை என்று ஊர்கள் கழியக் கழிய, இரண்டு பக்கமும் பனையும் மணலும்தான். வீதியோரத்தில் கழுதைகள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. தெற்குக் கரைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. தலைமன்னாரில் இறங்கியபோது சுற்றுலாக்காரர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தங்குமிடப் பலகை மாட்டிய வீடுகளின் படலைகள் சாத்தியிருந்தன. சாப்பாட்டுக் கடையில் சோறு முடிந்துவிட்டது, பாணும் பருப்பும்தான் இருக்கிறது என்றார்கள்.

புகையிரத நிலையம் புதிது. 1990இல் யுத்தத்தோடு நின்றுபோன பாதையை இந்திய நிறுவனம் மீளப் போட்டு, 2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடியசைத்து ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. கோச்சி வரும் நேரத்துக்குச் சில ஆட்டோக்கள் வந்து நிற்கின்றன. இறங்கியவர்கள் போன பிறகு மேடையில் யாரும் இல்லை. அதைத் தாண்டினால் கலங்கரை விளக்கம், கடற்படையின் வேலி, கடலுக்குள் துருவேறி நிற்கும் பழைய இறங்குதுறையின் இரும்புகள். ஒரு காலத்தில் தண்டவாளம் அந்தத் துறைக்குள்ளேயே போனது. கோச்சியை விட்டு இறங்கியவர்கள் நேரே கப்பலுக்கு நடந்தார்கள்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தோட்டப் பக்கமோ தம்பி?"

"ஆமாங்க ஐயா, கொட்டகலை."

"உங்கட ஆக்கள் இந்தப் பக்கம் வாறதில்லையே. முந்திக் கப்பல் ஓடின நாளில இந்த மண் முழுக்க உங்கட சனம்தான். சாமான் சக்கட்டையோட படுத்துக் கிடக்கும். சின்னதுகள் கடலப் பாத்திட்டுப் பயத்தில கத்தும். என்ர அம்மா தண்ணி கொண்டுபோய்க் குடுப்பா."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பழைய அயலவரைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டார். கொட்டகலையில் என்னோடு வேலை செய்பவர்களில் அந்தக் கரையைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி ஒருவரும் இல்லை.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி நடத் தொடங்கியபோது ஆரம்பித்த வரத்து அது. தமிழகத்துத் தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்ப நினைத்த சனம் கங்காணியின் பின்னால் நடந்து கடற்கரைக்கு வந்து தோணி ஏறியது. மன்னார்த் தீவிலும் அரிப்பு போன்ற கரைகளிலும் இறங்கியது. அங்கிருந்து மாத்தளை வரை நடை. இன்று நம் வேன் தூக்கத்தில் கடக்கும் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழி ஏறக்குறைய அதே வழிதான். காய்ச்சல், வாந்திபேதி, அம்மை, தாகம். நடக்க முடியாமல் விழுந்தவர்களை விட்டுவிட்டுத்தான் கூட்டம் நகர்ந்தது. செத்தவர் தொகை பற்றி ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் அந்தச் சாவுகளை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. உயிரோடு மாத்தளை சேர்ந்தவர்கள் அங்கே அம்மனைக் கும்பிட்டுத்தான் மலையேறினார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களையும் பார்க்க நாம் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அந்த வேண்டுதல் தொடங்கிய கரை எது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்தபின் நடை போய்க் கோச்சி வந்தது. சென்னை எழும்பூரில் ஏறிய ஒருவர் ஒரே டிக்கெட்டில் பாம்பன் பாலம் கடந்து, கப்பல் மாறி, கொழும்பு வரை வரலாம். வசதியானவர்களுக்கு அது இன்பப் பயணம். நம் ஆட்களுக்கு அதற்கு முன் மண்டபம் முகாம் இருந்தது. சில நாள் அடைத்து வைத்து, உடுப்பை ஆவியில் அவித்து, அம்மை குத்தி, பெயர் எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்கு என்று இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த காலமும் இருந்தது. கூலி வேலைக்கு ஆட்கள் வருவதை 1939இல் இந்திய அரசாங்கம் தடை செய்யும் வரை, தலைமன்னாரில் இறங்கிக் கோச்சி மாறி மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று டிரேட்டன், மேபீல்ட், ஸ்டோனிகிளிப் தோட்டங்களில் நம்மோடு இருப்பவர்கள்.

இவ்வளவையும் நாம் ஏன் ஒதுக்கி வைத்தோம்? நெடுநாள் யோசித்தபின் எனக்குப் படுவது இதுதான். இந்த நாட்டில் நம்மைக் "கள்ளத்தோணி" என்று ஏசினார்கள். பஸ்ஸில் ஏசினார்கள், கச்சேரியில் ஏசினார்கள், பாராளுமன்றத்திலும் அந்த எண்ணத்தோடு பேசினார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. அந்த ஏச்சுக்குப் பதில் சொல்ல நாம் மலையைக் காட்டினோம். இந்த மண்ணைக் கொத்தியவர்கள் நாங்கள், இங்கே பிறந்தவர்கள், எங்கள் பாட்டன் பூட்டன் இந்தத் தேயிலைத் தூரில்தான் புதைந்திருக்கிறான் என்றோம். அது உண்மை. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லித் தோணியையும் கடலையும் கதையிலிருந்து எடுத்துவிட்டோம். வந்தவர்கள் என்ற பழியைத் துடைக்கப் போய், வந்த வழியையே துடைத்தோம். தோணியில் வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தத் தீவுக்கு மனிதர் வந்த வழி பெரும்பாலும் கடல்வழிதான். அந்தச் சொல்லை எறிந்தவர்கள் முன்னால் இதைச் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை. ஒரு தலைமுறை வெட்கப்பட்டு மறைத்தது. அடுத்த தலைமுறை மறைத்தது எதை என்றே தெரியாமல் வளர்ந்தது.

வரவை மறந்ததைக்கூட ஒருவகையில் மன்னிக்கலாம். போனவர்களை மறந்ததற்கு அப்படி ஒரு சமாதானம் எனக்குக் கிடைக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரை இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன கோச்சியைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடியது. எழுபதுகளில் நம் சனத்தை ஏற்றிப்போன அந்தக் கப்பலின் பெயர் இராமானுஜம். எண்பதுகளின் முற்பகுதியில் கப்பல் நிற்கும் வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

கொட்டகலை ஸ்டேசனில் ஏறினால் அட்டன் வருவதற்குள் சிங்கமலைச் சுரங்கம் வரும். கோச்சி சுரங்கத்துக்குள் நுழைந்ததும் அழுகைச் சத்தம் சுவரில் மோதி இரண்டு பங்காகக் கேட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேடையில் நின்றவர்கள் சுரங்கத்தின் வாய் வரை தண்டவாளத்திலேயே ஓடியிருக்கிறார்கள். மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது கற்பனைக்காக அல்ல. மலையகத்தின் ஒவ்வொரு ஸ்டேசனிலும் அந்தக் கோச்சி நின்றது. அண்ணன் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருப்பான், தம்பி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு. தாய்க்குக் கிடைத்த பத்திரம் மகளுக்குக் கிடைத்திருக்காது. 1973, 74இன் பஞ்சமும் 1977இன் கலவரமும் வந்தபோது, இருக்கலாம் என்று நினைத்திருந்தவர்களும் பெட்டி கட்டினார்கள்.

அவர்களை மேடையில் கட்டிப்பிடித்து அழுதது உண்மை. கடிதம் போடுகிறோம் என்று சொன்னதும் உண்மை. முதல் ஓரிரு வருடம் போட்டோம். பிறகு அவர்களுடைய காம்பராவை நாம் எடுத்துக்கொண்டோம்; நடுச்சுவரை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டோம். அவர்கள் வைத்துவிட்டுப் போன அம்மியும் உரலும் நம் வாசலுக்கு வந்தன. அங்கிருந்து வந்த கடிதங்களில் கஷ்டம் எழுதியிருந்தது. பணம் கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் போட நமக்குக் கூச்சமாக இருந்தது, கையில் காசும் இல்லை. சிலர் நன்றாக இருப்பதாக எழுதினார்கள். அதை நம்பிக்கொள்வது நமக்கு வசதியாக இருந்தது. 1983 கலவரம் வந்தது. தபால் தடுமாறியது. பிறகு முகவரி தொலைந்தது. எப்போது தொலைந்தது என்று எந்தக் குடும்பத்தாலும் சொல்ல முடிவதில்லை.

போனவர்கள் எங்கே போனார்கள் என்று தேடினால் ஊர்ப் பெயர்களே ஒரு கதை சொல்லும். நீலகிரியில் கூடலூர், குன்னூர், கோத்தகிரி. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழ்நாடு அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கேரளத்தில் புனலூர்ப் பக்கம் இறப்பர்த் தோட்டம், கர்நாடகத்தில் சுள்ளியாப் பக்கம் இறப்பர்த் தோட்டம். தேயிலைக் காட்டிலிருந்து போனவர்களுக்கு மறுபடியும் தேயிலைக் காடு, பால் வெட்டு, லயம். பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. கடன் அட்டையை வைத்துக்கொண்டு தாலூகா அலுவலகங்களுக்கு நடந்தே ஓய்ந்தார்கள். இங்கே "இந்தியாக்காரன்" என்று ஏச்சு வாங்கியவர்கள் அங்கே "சிலோன்காரன்" ஆனார்கள். கொட்டகலைக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரே குடும்பம் இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது. நம் வசதிக்குக் கையில் இப்போது தொலைபேசி இருக்கிறது, முகம் பார்த்தே பேசலாம். பேச ஆள் யார் என்றுதான் தெரியவில்லை.

எண்பத்து மூன்றுக்குப் பிறகு வேறொரு கூட்டமும் அதே கடலைத் தாண்டியது. கலவரத்துக்கும் யுத்தத்துக்கும் பயந்து மன்னார்க் கரையில் படகேறியவர்களில் மலையகக் குடும்பங்களும் இருந்தன. பாட்டன் பெயர் பதிந்த அதே மண்டபத்தில், பேரன் அகதியாகப் பெயர் பதிந்தான். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த, இந்திய வம்சாவளியினரான 65 பேர் குடியுரிமை கேட்டுப் போட்ட வழக்கு அது. அவர்களின் கோரிக்கையை இந்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி சுவாமிநாதன் சொன்னார். 1948இல் இங்கே நாடற்றவர்கள் ஆனவர்களின் பிள்ளைகள், அங்கேயும் நாடற்றவர்களாக முப்பத்தைந்து வருடம் முகாமில் இருந்திருக்கிறார்கள். நம் மேதின மேடைகளில் அந்த 65 பேரைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்துவிட்டது என்று நாம் எழுதி மூடிவிட்டோம். நமக்குத் தீர்ந்தது.

வன்னிக்குப் போனவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எழுபதுகளின் பஞ்சத்துக்கும் அடிக்கும் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் இன்றும் நம் பேச்சுவழக்கு கேட்கும். 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவர்களும் ஷெல்லடிக்குள் இருந்தார்கள். அவர்களுக்காக நாம் துக்கம் காக்கவில்லை. அது வடக்கின் சாவு என்று நினைத்தோம். வடக்கின் பட்டியலில் அவர்கள் மலையகத்தார், நம் பட்டியலில் வடக்கத்தார். இரண்டு பட்டியலிலும் இல்லாமல் செத்தவர்கள் நம் மாமனும் சித்தியும்.

தலைமன்னார் மக்களைப் பற்றியும் நமக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 1990இல் ரயில் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். கப்பலில் வந்தவர்களுக்குச் சோறும் தேத்தண்ணியும் கொடுத்த சனத்தில் அவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் புத்தளத்து முகாம்களில் வருடக்கணக்காக இருந்தபோது, துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று இலங்கையில் வேறு எவரைவிடவும் நன்றாகத் தெரிந்த நாம், ஒரு வார்த்தை பேசினோமா? 2025இல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து வீதியில் இருந்தார்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் மண்ணில் எதையும் செய்யாதே என்பதுதான் அவர்கள் சொன்னது. நம்மைக் கேட்காமல் நம் தோட்டங்களை விற்றபோதும் துண்டாடியபோதும் நாம் சொன்னதும் அதுதான். கொட்டகலையிலிருந்து ஆதரவாக ஒரு சின்னக் கூட்டமாவது நடத்தியிருக்கலாம். சம்பளப் பேச்சு இருந்தது, தேர்தல் இருந்தது, வயிற்றுப்பாடு இருந்தது. எப்போதும் இருக்கும்.

நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கிய அந்த நிகழ்வு ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. சமூக அமைப்புகளும் மதகுருமாரும் ஆசிரியர்களும் பெண் தொழிலாளர்களும், சிங்கள முஸ்லிம் நண்பர்களும் வெயிலில் நடந்தார்கள். வழியிலிருந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதைப் பேஸ்புக்கில்தான் நடந்தோம். அடுத்த வருடம் ஜூலை 28 வந்தபோது நம் பாடசாலைகளின் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? 200 என்பது வட்டமான எண், மேடைக்கு நன்றாக இருந்தது. 201க்கு நமக்கு நேரம் இல்லை.

எதிர்க்கரையைப் பாருங்கள். தனுஷ்கோடி இன்று பாழூர்தான். இடிந்த தேவாலயமும் ஸ்டேசனும் மணலும் மட்டுமே உண்டு. ஆனாலும் அரிச்சல்முனை வரை வீதி போட்டிருக்கிறார்கள், தினமும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து நிற்கிறது, புயலில் போனவர்களின் கதையைக் கேட்கிறது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலமும் திறந்துவிட்டார்கள். அந்த முனையில் நின்று இலங்கைப் பக்கம் பார்க்கிறவர்கள் கூட்டம். இந்த முனையில் நின்று அந்தப் பக்கம் பார்க்க அதிகக் காரணம் உள்ளவர்கள் நாம். நம் பாடசாலைச் சுற்றுலா தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் சீகிரியாவுக்கும் காலிக்கும் போகிறது. அதற்கு அனுமதி எழுதுவது நாம், பஸ் பிடிப்பது நாம், பட்டியல் போடுவதும் நாம்.

தூரத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். தகரத் துண்டு, பழைய பத்திரங்கள், கவ்வாத்துக் கத்தி, காம்பராவில் புழங்கிய சாமான்கள் எல்லாம் அங்கே உண்டு. கொட்டகலையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம். அதற்கும் போகாதவர்கள்தான் நம்மில் அதிகம். நம் வீடுகளிலிருந்தவை என்ன ஆயின? கூரை மாற்றும்போதும் தனி வீட்டுக்குக் குடிபோகும்போதும் தாத்தாவின் தகரப் பெட்டியைக் குப்பையில் போட்டோம். அதில் பிரஜாவுரிமை மனுவின் நகல் இருந்தது, ரேசன் புத்தகம் இருந்தது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் இருந்தன. தோட்டத்து ஒப்பீஸ்களில் கிடந்த செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்றது. ஒப்பீஸில் வேலை செய்த நம் பிள்ளைகளில் எவரும் ஒரு பக்கத்தைக்கூட எடுத்து வைக்கவில்லை.

இதே கொட்டகலையிலிருந்து சாரல் வெளியீட்டகம் நடத்தி, தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரின் வரலாற்றையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் தேடித் தேடி எழுதியவர் சாரல்நாடன். அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி இல்லை. தன் முயற்சியில் செய்தார். 2014இல் காலமானார். அவர் இருந்தபோது அவருடைய புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் சிலர்தான். அவருக்குப் பின் அந்த வேலையை எடுத்துச் செய்ய, பக்கத்தில் பத்தனையில் கல்வியியல் கல்லூரியே இருக்கும் ஊரில், வருடாவருடம் ஆசிரியர்கள் பயின்று வெளியேறும் ஊரில், ஒரு குழு அமையவில்லை. அந்த ஆசிரியர்களில் பலரோடு நான் தினமும் பேசுகிறேன். திறமை இல்லாதவர்கள் அல்ல. யாராவது செய்வார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

தலைமன்னாரில் அந்தப் பெரியவர் இன்னொன்றும் கேட்டார். அவருடைய சின்ன வயதில், கப்பலுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் காய்ச்சல் கண்ட பிள்ளையோடு அவர்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் தங்கியிருந்ததாம். தலவாக்கலைப் பக்கம் என்று சொன்னதாக ஞாபகம், தோட்டத்தின் பெயர் மறந்துவிட்டது. "அந்தப் பிள்ள பிழைச்சுதோ தெரியாது. உங்கட ஆக்களிட்ட விசாரிச்சுப் பாப்பீங்களோ?" என்றார். அரை நூற்றாண்டாக ஒரு மீனவக் குடும்பம் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கிறது. நம்மிடம் விசாரிக்க ஒரு பட்டியல்கூட இல்லை. எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வருடம், எந்தக் குடும்பம் போனது என்று ஒரு கொப்பியில்கூட நாம் எழுதி வைக்கவில்லை. இரண்டு அரசாங்கங்களும் எழுதி வைத்தன, அவர்களுக்குத் தேவைப்பட்ட அளவுக்கு. எண்களாக.

அந்தப் பட்டியலை இன்னமும் போடலாம். 1974இல் பத்து வயதில் கொட்டகலை மேடையில் நின்று சித்தப்பனையும் அத்தையையும் ஏற்றிவிட்டவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒவ்வொரு டிவிசனிலும் ஓரிருவர் இருக்கிறார்கள். கொழுந்துக் காசு நின்று, பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு, பகலில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள். வயது பிந்தியவர்களுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கிவிட்டது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கேட்க வேண்டியவை நான்குதான்: போனவர்களின் பெயர், எந்த லயம், எந்த வருடம், கடைசிக் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது. அடுத்த தவணை தொடங்குமுன் டிரேட்டனிலிருந்து ஆரம்பிப்பதாகச் சில ஆசிரியர்கள் பேசி வைத்திருக்கிறோம். எழுதி முடிக்கும் கொப்பியின் ஒரு பிரதியைக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் அனுப்ப வேண்டும். இன்னொன்றைத் தலைமன்னாருக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், திருவிழா இல்லாத ஒரு மாதத்தில்.